மேற்குச் சுவரை மூடாதீர்கள்: நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், பொறியியல் பிரிவு அதிகாரிகளுக்கும்,

பழைய கிடங்குக் கட்டடத்தின் மேற்குச் சுவரில், தட்டையான பரப்பில் சன்னலும் வாசலும் நிஜமாகவே இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும் கண்மயக்கு ஓவியத்தை மூடி, சுவர் முழுக்க வெளிர்சாம்பல் எமல்ஷன் அடிக்க நீங்கள் தீர்மானித்திருப்பதை, கிடங்கு வாசலில் ஒட்டிய ஒரு பக்க அறிவிப்பிலிருந்து தெரிந்துகொண்டோம். அந்தச் சுவரைப் பார்த்தபடி குடியிருக்கும் எங்களில் ஒருவரிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. வரைந்த ஓவியருக்கும் தகவல் போகவில்லை. நான் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரியும். இந்தத் தீர்மானத்தை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியாது. அறிவிப்பில் நீங்கள் சொல்லியிருக்கும் காரணங்களும் அந்தச் சுவரின் நிலையோடு பொருந்தவில்லை.

நான் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிலில் இருப்பவன். சுவரைச் சுரண்டுவது, பட்டி பார்ப்பது, பிரைமர் அடிப்பது, சாரத்தில் ஏறி நின்று ரோலர் ஓட்டுவது, இதுதான் என் பிழைப்பு. நீங்கள் அடிக்கச் சொல்லியிருக்கும் அதே சாம்பல் நிறத்தை எத்தனையோ கட்டடங்களுக்கு நானே அடித்திருக்கிறேன். அந்த நிறத்தோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. என் வீடு அந்தச் சுவருக்கு நேர் எதிரே இருக்கிறது. தொழிலாலும் குடியிருப்பாலும் அந்தச் சுவரை அறிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மேற்குச் சுவர் என்பது யாரும் பார்ப்பதற்கென்று கட்டிய சுவர் அல்ல. ஒட்டி நின்ற பக்கத்துக் கட்டடத்தை இடித்தபோது வெளியே தெரிந்த ஒட்டுச்சுவர் அது. நான்கு மாடி உயரத்துக்குச் சன்னல் கிடையாது, கதவு கிடையாது. இரண்டாம் மாடியில் காற்றுக்கு விட்ட ஒரு சின்னத் திறப்பு மட்டும்தான். சந்தின் ஒரு பக்கம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டு நின்றது. பகலில் சுவரொட்டிகள், இரவில் குப்பை மூட்டைகள். இருட்டிய பிறகு பெண்கள் அந்த வழியைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவார்கள். என் வீட்டு முன்னறைச் சன்னலின் திரையைக் காலையிலும் நாங்கள் விலக்கியதில்லை. விலக்கினால் பார்க்க என்ன இருந்தது? கறை படிந்த சிமென்ட் பூச்சு.

அந்தச் சுவரில்தான் இப்போது பன்னிரண்டு சன்னல்கள் இருக்கின்றன. பதினொன்று வரைந்தவை, ஒன்று அந்தப் பழைய காற்றுத் திறப்பு. அதையும் சட்டகத்துக்குள் அடக்கி, சன்னலாகவே ஆக்கிவிட்டார் ஓவியர். எது நிஜம் என்று கீழே நின்று கண்டுபிடிக்கச் சொல்லி, புதிதாகத் தெருவுக்கு வருகிறவர்களைப் பிள்ளைகள் சோதிப்பார்கள். மூன்று பால்கனிகள், மாடிக்கு மாடி ஓடும் கல் விளிம்பு, கீழே இடது ஓரமாக ஒரு வளைவு வாசல், அதற்குள் மேலேறிப் போகும் படிக்கட்டு எல்லாம் தட்டையான பூச்சின் மேல் வரைந்தவைதான். தொட்டுப் பார்த்தால் கைக்கு மேடும் பள்ளமும் தட்டுப்படாது.

ட்ரோம்ப்-லோய் என்று உலகெங்கும் அறியப்படும் இந்த வகை ஓவியத்தைச் சுவரில் தொங்கும் படத்தைப் போல நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள் என்றே தீர்மானத்தின் வாசகம் காட்டுகிறது. ‘அலங்கார ஓவியம்’ என்று ஒரு சொல்லில் முடித்திருக்கிறீர்கள். படத்தைக் கழற்றி இன்னோர் இடத்தில் மாட்டலாம். இதை எங்கும் மாட்ட முடியாது. இந்தச் சுவருக்கு, இந்தத் திசைக்கு, இந்தச் சந்தில் நடப்பவரின் கண் மட்டத்துக்கு அளந்து செய்த வேலை இது. அளந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

தூரிகையைத் தொடுவதற்கு முன் அந்த ஓவியர் சந்தில் எத்தனையோ வேளைகளில் வந்து நின்றார். காலை எப்படி, நண்பகல் எப்படி, மாலை எப்படி என்று குறித்துக்கொண்டார். மேற்கு பார்த்த சுவர் என்பதால் அதன்மேல் வெயில் விழுவது பிற்பகலில்தான். ஆண்டின் பெரும்பகுதியில் சுவரைப் பார்த்து நிற்பவருக்கு வலது தோளுக்கு மேலிருந்து விழுகிறது. எனவே வரைந்த ஒவ்வொரு விளிம்பின் நிழலும் இடப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்கிறது. எங்கள் கட்டடத்தின் உண்மையான பால்கனி நிழலும் அவர் வரைந்த பால்கனி நிழலும் வெயில் சாயும் நேரத்தில் ஒரே சாய்வில் விழுவதைப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு புரியும். வேறொரு சுவரில் இதே ஓவியத்தைப் போட்டால், வெயில் ஒரு பக்கமும் நிழல் ஒரு பக்கமுமாகப் பொய் வெளிப்பட்டுவிடும்.

பிறகு கண் மட்டம். சந்தில் நடப்பவரின் கண் உயரத்தில் ஒரு கிடைக்கோட்டை நூல் பிடித்துச் சுவரில் அடித்தார். வரைந்த எல்லாக் கோடுகளும் அந்தக் கோட்டை நோக்கித்தான் ஓடுகின்றன. அதனால்தான் முதல் மாடி விளிம்பின் அடிப்பாகம் கொஞ்சமாகவும், மூன்றாம் மாடி விளிம்பின் அடிப்பாகம் நிறையவும் தெரிகிறது. நாம் அண்ணாந்து பார்க்கும் எந்தக் கட்டடத்திலும் அப்படித்தானே தெரியும்? பெரிய தாளில் வரைந்து, கோடுகள் நெடுகத் துளையிட்டு, தாளைச் சுவரில் ஒட்டி, துணியில் முடிந்த கரித்தூளால் தட்டிச் சுவருக்கு மாற்றினார். பழைய காலச் சுவரோவியர்கள் செய்த அதே முறை.

சாரம் நின்ற நாட்களில் ஒருமுறை ஏறிப்போய் அந்தக் கல் விளிம்பைக் கையெட்டும் தூரத்தில் பார்த்தேன். நிழல் கறுப்பாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அதில் ஒரு சொட்டுக் கறுப்புக்கூட இல்லை. சுவரின் காவி நிறத்திலேயே கொஞ்சம் நீலத்தைக் கலந்து அடர்த்தியாக்கியிருந்தார். விளிம்பை ஒட்டிய இடத்தில் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. கீழே இறங்க இறங்க அதே ஓரம் மங்கிக் கரைந்தது. உண்மையான நிழல் அப்படித்தான் விழுகிறது என்பதை அன்று இறங்கி வந்து என் வீட்டுச் சன்ஷேடின் கீழ் பார்த்துத்தான் அறிந்தேன். வாழ்நாளெல்லாம் சுவரோடு கிடப்பவன் கவனிக்காத ஒன்றை அந்த ஓவியம் எனக்குக் காட்டிக்கொடுத்தது. அருகே நின்றால் வெறும் தூரிகைத் தடங்கள். தெருவுக்கு இறங்கினால் ஒரு முழம் துருத்தி நிற்கும் கல். இந்த வேலையின் மேல் ரோலரை உருட்டச் சொல்கிறீர்கள்.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

ஓவியம் ‘உரிந்து சிதைந்துவிட்டது, பராமரிக்க இயலாது’ என்பது முதல் காரணம். உரிந்திருப்பது உண்மை. எங்கே, எவ்வளவு, ஏன் என்று யாராவது போய்ப் பார்த்தார்களா? சுவரின் வலது கீழ் மூலையில், மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயை ஒட்டி, ஒரு கதவு அகலத்துக்குத்தான் உரிந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் தூசியும் புகையும் படிந்திருக்கிறதே தவிர, பெயின்ட் அசையவில்லை. அந்த மூலையில் குழாயின் இணைப்பு விட்டுப்போய், ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறது. கை முட்டியால் தட்டிப் பாருங்கள்: நல்ல இடத்தில் கணீரென்றும், அந்த மூலையில் பொக்கென்றும் கேட்கும். பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது என்று பொருள். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கீழே உதிர்ந்து கிடக்கும் சில்லு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் நிறம் அப்படியே இருக்கும். பின்பக்கம் மணலும் சிமென்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயின்ட் சுவரை விட்டுப் பிரிந்திருந்தால் சில்லின் முதுகு வழவழப்பாக இருந்திருக்கும். இங்கே பெயின்ட் தன் பிடியை விடவில்லை, அடியில் இருந்த பூச்சுதான் ஓதத்தில் இற்றுப்போனது. தொழிலில் உள்ள எவரும் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

குழாயைச் சரிசெய்யாமல் அதன்மேல் எமல்ஷன் அடித்தால் என்ன ஆகும்? அடுத்த மழைக்காலத்தில் அதே மூலையில் சாம்பல் நிறக் கொப்புளங்கள் எழும். பிறகு அவை உரியும். அப்போது அழிப்பதற்கு ஓவியம் இருக்காது. ஓதம் மட்டும் அப்படியே இருக்கும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பொறியாளர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். ஓவியர் பயன்படுத்தியது சிலிக்கேட் பெயின்ட். பொட்டாசியம் சிலிக்கேட்டோடு கனிம நிறமிகளைச் சேர்த்துச் செய்வது. சாதாரண எமல்ஷனைப் போல மேலே படலமாகப் படியாமல், பூச்சோடு வேதிவினை புரிந்து அதன் பகுதியாகவே ஆகிவிடும். சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறவும் வழிவிடும். ஜெர்மனியில் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878-இல் காப்புரிமை பெற்ற முறை இது. சுவிட்சர்லாந்தின் ஷ்வீட்ஸ் நகர மன்றக் கட்டடத்தின் முகப்பில் 1891-இல் இந்தப் பெயின்ட்டால் தீட்டிய ஓவியங்கள் மழையும் பனியும் தாங்கி இன்றும் நிற்கின்றன. அப்படி மூச்சுவிடும் சுவரின் மேல் எமல்ஷன் படலத்தைப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். இன்று ஒரு மூலையில் இருக்கும் கேடு நாளை சுவர் முழுக்கப் பரவலாம். நிறமிகள் கனிமம் என்பதால்தான் இத்தனை பிற்பகல் வெயிலுக்குப் பிறகும் எங்கள் சுவரின் காவியும் மஞ்சளும் வெளிறவில்லை. சாம்பலை அடித்தபின் மனம் மாறினால் சுரண்டி எடுத்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். சுரண்டும்போது ஓவியமும் சேர்ந்தே வரும்.

பராமரிக்கப் பெருஞ்செலவு ஆகும் என்கிறீர்கள். உயரமான சுவர் வேலையில் செலவின் பெரும்பங்கு சாரத்துக்குத்தான் போகும் என்பது உங்கள் டெண்டர்களைப் பார்ப்பவர்களுக்கும் தெரியும். சாம்பல் அடிக்கவும் அதே சாரம் வேண்டும். அதை நிறுத்திக் குழாயை மாற்றி, பொக்கான பூச்சைக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசி, அது நன்றாக உலர்ந்தபின் அந்தப் பகுதியை மட்டும் ஓவியரைக் கொண்டு வரைந்துவிடலாம். மற்ற இடங்களுக்கு மென்மையான பிரஷும் அழுத்தமில்லாத தண்ணீரும் போதும். முழுச் சுவருக்கும் பிரைமரும் இரண்டு கை எமல்ஷனும் அடிப்பதைவிட இதில் வாங்க வேண்டிய பொருள் குறைவு.

இரண்டாவது காரணம், மன்றத்துக்குச் சொந்தமான கட்டடங்கள் எல்லாம் ‘ஒரே சீரான தோற்றத்தில்’ இருக்க வேண்டும் என்பது. சீர்மை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சீர்மைக்காகவே முகப்புகளை வரைந்த ஊர்கள் இருக்கின்றன. இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில், ஜெனோவாவிலும் கமோலியிலும், வீடு வீடாகத் தட்டையான முகப்புகளில் சன்னல் சட்டகங்களையும் கல் விளிம்புகளையும் தூரிகையால் வரைந்திருக்கிறார்கள். உள்ளே அறை அமைப்பால் சன்னல் வைக்க முடியாத இடத்தில், வரிசை குலையாதிருக்க ஒரு சன்னலை வரைந்தே வைத்துவிடுவார்கள். ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள ஓபரம்மர்காவ் என்ற ஊரில் ஃபிரான்ஸ் செராஃப் ஸ்விங்க் 1784-இல் வரைந்த பிலாத்து மாளிகையின் முகப்பை இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். தூண்களும் படிகளும் மாடமும் எல்லாம் ஈரப்பூச்சில் தீட்டியவை. ஒழுங்கும் ஓவியமும் ஒரே சுவரில் இருக்க முடியும் என்பதற்கு எங்கள் மேற்குச் சுவரே சாட்சி. அதிலுள்ள சன்னல்களின் உயரமும் இடைவெளியும் கிடங்கின் முன்பக்க உண்மையான சன்னல்களை அளந்து எடுத்தவை. கட்டடத்துக்கு இல்லாதிருந்த நான்காவது முகத்தை அதற்குக் கொடுத்தது இந்த ஓவியம். அதை எடுத்துவிட்டால் கிடைப்பது சீர்மை அல்ல, பழைய ஒட்டுச்சுவர்.

இதே வேலையைப் பெரிய நகரங்கள் மதிப்போடு செய்திருக்கின்றன. நியூயார்க்கின் பிரின்ஸ் தெருவில் ஒரு கட்டடத்தின் மொட்டைச் செங்கல் பக்கச் சுவரில், முன்பக்கத்து வார்ப்பிரும்பு முகப்பு அப்படியே திரும்பித் தொடர்வதுபோல் ரிச்சர்ட் ஹாஸ் என்ற ஓவியர் 1975-இல் வரைந்தார். வரைந்த சன்னல் ஒன்றில் ஒரு பூனையும் உட்கார்ந்திருக்கும். 1986-இல் அவரே மயாமியில், ஒரு விடுதியை மறைத்து நின்ற பெருஞ்சுவரில் பிரம்மாண்டமான வளைவு வாசல் ஒன்றை வரைந்து, அதன் வழியே பின்னாலுள்ள விடுதி தெரிவதுபோல் காட்டினார். 2002-இல் அந்தச் சுவரை இடித்தார்கள். இன்று அதைப் பார்க்க விரும்புகிறவருக்குப் புகைப்படம்தான் கதி.

பிரான்சின் லியோன் நகரம் இன்னும் பொருத்தமான பாடம். க்ருவா-ரூஸ் பகுதியில், பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த குன்றின் மேல், 1,200 சதுர மீட்டர் மொட்டைச் சுவர் ஒன்று இருந்தது. 1987-இல் சித்தே கிரியேசியோன் என்ற ஓவியர் குழு அதில் அந்தப் பகுதியின் வீடுகளையும் நடுவே ஏறிப்போகும் நெடும் படிக்கட்டையும் மக்களையும் வரைந்தது. அந்த ஓவியம் பழசானபோது அந்நகரம் அதை மூடவில்லை. 1997-இலும், மறுபடி 2013-இலும் புதுப்பித்து வரைந்தார்கள். சுற்றுப்புறம் மாறியதற்கேற்பச் சுவரும் மாறியது. முன்பு வரைந்த மனிதர்களுக்கும் வயது கூடியது. அதே நகரில் எத்தா-யூனி என்னும் பழைய வாடகைக் குடியிருப்பில், குடியிருந்தவர்களே முன்கை எடுத்து, கட்டடங்களின் பக்கச் சுவர்களை ஓவியங்களால் நிரப்பச் செய்தார்கள். இன்று அது திறந்தவெளி அருங்காட்சியகம். கட்டடக்கலைஞர் தோனி கார்னியேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

லியோனின் சுவரை நான் குறிப்பாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் சுவரிலும் எங்கள் மனிதர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் மாடியின் வலப்பக்கச் சன்னலில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு கடிதத்தைக் கைநீட்டிப் பிடித்துப் படிக்கும் பெரியவரை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவந்தவர் அவர். அவருடைய சம்மதத்தோடு, அவரையே உட்காரவைத்து வரைந்தது. ஓவியம் முடிந்த சில காலத்துக்குள் காலமாகிவிட்டார். அவருடைய மகள் இந்தத் தெருவில்தான் இருக்கிறார். அறிவிப்பைப் படித்த அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்து கேட்டது ஒரே கேள்விதான்: ‘அப்பாவையும் சேர்த்தா அடிப்பாங்க?’ நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

மூன்றாவது காரணம், இவ்வகை ஓவியம் ‘பொதுமக்களைக் குழப்பும், வாகன ஓட்டிகளின் கவனத்தைச் சிதறடிக்கும்’ என்பது. அந்தச் சந்தில் வாகனம் போக வழியே இல்லை. இரு முனையிலும் நீங்களே கல்தூண் நட்டிருக்கிறீர்கள். பெருஞ்சாலைத் திருப்பத்தில் சாலை நீண்டு போவதுபோல் ஒருவர் வரைந்தால் அதைத் தடுக்க வேண்டும் என்று நானே சொல்வேன். ஆழமான காட்சி ஒரே ஓர் இடத்தில் நிற்பவருக்குத்தான் சரியாகத் தெரியும். ரோமில் புனித இக்னேசியஸ் தேவாலயத்தின் தட்டையான கூரையில் 1685-இல் ஆந்திரேயா போட்ஸோ தீட்டிய பொய்க் குவிமாடத்தைப் பார்க்க எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒரு வட்டக்கல்லே பதித்திருக்கிறார்கள். அந்த இடத்தை விட்டு விலகினால் குவிமாடம் சாய்ந்துவிடும். எங்கள் ஓவியர் இதை அறிந்தவர். சன்னல், விளிம்பு, பால்கனி என்று ஆழம் குறைந்தவற்றையே சுவரில் பெரும்பாலும் வைத்தார்; அவை எந்தக் கோணத்திலிருந்தும் பெரிதாகக் குலையாது. ஆழமான காட்சி அந்தப் படிக்கட்டு ஒன்றுதான். அதையும் சந்தின் வடக்கு முனையிலிருந்து நடந்து வருகிறவரின் பார்வைக்கு அளந்து வைத்தார். படிக்கட்டின் முன்னால் தரையில் செடித்தொட்டிகளை வைக்கச் சொன்னதும் அவர்தான், யாரும் தவறி முட்டிக்கொள்ளக் கூடாது என்று. இவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றைக் குழப்பம் என்று எழுதுமுன் ஒருமுறை வந்து நின்று பார்த்திருக்கலாம்.

எல்லாச் சுவரோவியங்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. சுவரின் அளவும் வெளிச்சமும் பாராமல் அருவியும் காடும் வரைந்து, சில ஆண்டுகளில் சாயம் போய்ப் பல்லிளிக்கும் சுவர்கள் ஏராளம். அவற்றில் சிலவற்றை மூடியதும் என் கைதான், அதற்காக வருந்தவில்லை. கட்டடத்தைப் புரிந்துகொண்டு செய்த வேலையையும் கட்டடத்தின் மேல் ஏறி உட்கார்ந்த வேலையையும் பிரித்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. எல்லாவற்றையும் ஒரே தீர்மானத்தில் அடக்குவது அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது ஆகும்.

ஓவியரைக் கேட்காமல் அழிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். சுவர் மன்றத்துக்குச் சொந்தம் என்பதால் அதன் மேலுள்ளதை என்னவும் செய்யலாம் என்று நீங்கள் கருதக்கூடும். பல நாடுகளின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் கென்ட் ட்விட்செல் பல ஆண்டுகள் உழைத்து ஆறு மாடி உயரத்துக்கு வரைந்த ஓவியத்தை 2006-இல் முன்னறிவிப்பு இல்லாமல் மூடிவிட்டார்கள்; வழக்கு 2008-இல் 11 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசத்தில் முடிந்தது. நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தின் ஓவியங்களை அதன் உரிமையாளர் 2013-இல் இரவோடு இரவாக வெள்ளையடித்தார். 45 ஓவியங்களுக்காக 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் இழப்பீடு தர 2018-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது, மேல்முறையீட்டிலும் 2020-இல் அது நிலைத்தது. இந்தியாவிலும் தில்லியின் விஞ்ஞான் பவன் என்ற அரசு மாநாட்டுக் கட்டடத்தின் சுவரில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் சீரமைப்பின் பெயரால் பெயர்த்தெடுத்த வழக்கில், எஞ்சியதை அவரிடமே திருப்பித் தரவும் இழப்பீடு வழங்கவும் 2005-இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சுவர் ஒருவருக்குச் சொந்தமாக இருந்தாலும் அதன் மேலுள்ள படைப்பில் படைத்தவருக்கும் உரிமை உண்டு என்பது ஏற்கெனவே நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்ட விஷயம். ஒரு கடிதம் எழுதிக் கேட்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய வேலை?

ஓவியம் வந்த பிறகு அந்தச் சந்து மாறியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் அந்தச் சுவரை விட்டுவிட்டார்கள். குப்பை மூட்டை போடுகிறவர்களும் நின்றுவிட்டார்கள். வரைந்த வாசலாக இருந்தாலும் வாசலில் குப்பை கொட்ட மனம் வராது போலும். மாலையில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள் வந்தார்கள். ஆள் நடமாட்டம் வந்தபின் இரவில் பெண்கள் சுற்றிப் போகும் வழக்கமும் போனது. இதையெல்லாம் சாம்பல் நிறம் திருப்பித் தராது. எங்கள் முன்னறைத் திரை இப்போது பகலெல்லாம் விலகியே இருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

மேற்குச் சுவரில் வெளிர்சாம்பல் அடிக்கும் பணி ஆணையை உடனே நிறுத்திவையுங்கள். சாரம் ஏறிவிட்டால் பேச்சுக்கு இடமிருக்காது; எனவே இது மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்க வேண்டும்.

மழைநீர்க் குழாயின் இணைப்பை இந்த மழைக்காலத்துக்குள் மாற்றுங்கள். ஓவியத்தைப் பற்றி நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் இது செய்தே ஆக வேண்டிய வேலை. கூடவே, சிலிக்கேட் பெயின்ட்டைக் கையாளத் தெரிந்த ஒருவரைக் கொண்டு சுவர் முழுவதையும் தட்டிப் பார்த்து, எங்கே பூச்சு விட்டிருக்கிறது, எங்கே உறுதியாக இருக்கிறது என்று எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதை மன்ற அலுவலகத்தில் யாரும் படிக்கும்படி வையுங்கள். அந்த ஆய்வுக்கு உடன் வந்து நிற்க நான் தயார்; கூலி வேண்டாம்.

ஓவியருக்கு முறைப்படி கடிதம் அனுப்பி, பழுதுபார்க்கும் முதல் வாய்ப்பை அவருக்குக் கொடுங்கள். வேறு யாரையும் கொண்டு பழைய நிழல்களின் மேல் புது நிறம் தீற்ற வேண்டாம்.

சந்தின் பக்கம் வாசல் உள்ள வீட்டார் அனைவரையும் அழைத்து ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துங்கள். வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய மாலை நேரத்தில், முடிந்தால் அந்தச் சுவரின் முன்னாலேயே நடத்துங்கள். தபால்காரரின் மகளுக்கு அங்கே பேச இடம் கொடுங்கள்.

மன்றக் கட்டடங்களில் உள்ள எல்லாச் சுவரோவியங்களையும் பட்டியலெடுத்து, எதையும் அகற்றுவதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன் ஓவியருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதியை நிறைவேற்றுங்கள். அமெரிக்காவின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம் 1990-இலேயே கட்டட உரிமையாளர்களுக்கு இதே 90 நாள் அறிவிப்பை வகுத்துவிட்டது. பெயர்த்தெடுக்கக்கூடிய ஓவியங்களுக்குத்தான் அங்கே அது பொருந்தும். பெயர்த்தெடுக்க முடியாதவற்றுக்கு அந்தக் கால அவகாசம் இன்னும் அவசியம் என்பது என் கருத்து.

உங்கள் பதிலை எழுத்தில், கிடங்கு வாசலில் முதல் அறிவிப்பு ஒட்டிய அதே இடத்தில் ஒட்டுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் இந்த மடலைச் சேர்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம். தெருவில் கையெழுத்துச் சேகரிப்பது தொடங்கிவிட்டது. கூட்டத்தன்று அந்தத் தாள்களோடு நேரில் வருவோம்.

இப்படிக்கு,
மேற்குச் சுவருக்கு எதிரே குடியிருக்கும் ஒரு பெயின்டர்